பதிமூன்று புள்ளி எட்டு

கேட்கிறது. எரிச்சலே அதுதான்.
வாலிநோக்கம் உப்பளச் சாலையில்
பொலிரோவை ஓரங்கட்டிச் செட்டைத் திருகினால்
ஏழு மெகாஹெர்ட்ஸில் எல்லோரும் இருக்கிறார்கள்:
கொச்சியில் ஒருவர் தன் தெருவின் மழையைச் சொல்கிறார்,
குண்டூரில் ஒருவர் புது ஆன்டெனாவின் நீளத்தை
மகளுடைய மதிப்பெண்ணைப் போலச் சொல்கிறார்.

நான் மைக்கை அழுத்திப் பேசினால் மட்டும்
நாலு கதவின் பூட்டும்
டக்கென்று விழுந்து டக்கென்று எழுகிறது.
மெர்-சி-லின் என்றால் மூன்று முறை.
என் குரல் தெளிவாகப் போய்ச் சேர்வது
என் வண்டிக்கு மட்டும்.

பருத்தித்துறைக் குலவீரசிங்கம் கேட்டார்:
"தங்கச்சி, உங்கட கதை அரைவாசிதான் வருது.
மிச்சம் எங்க விழுகுது?"
கடலில், என்றேன்.
அந்தச் சொல்லும் விழுந்துவிட்டது.
"என்ன? திருப்பிச் சொல்லுங்கோ."

ஏர்வாடி ஷெட்டில் ஹபீபு நெய்னா
பானட்டைத் தூக்கி இரண்டு நொடி பார்த்தான்.
"பேட்டரி போச்சுக்கா."
ஐயாயிரத்து எண்ணூறு, பழசுக்கு எழுநூறு கழித்து.
புதுப் பேட்டரியிலும் பூட்டுகள் அதே தாளம்.
"அப்ப ரேடியோதான் போச்சு" என்றான்
அதே முகத்தை வைத்துக்கொண்டு.

இன்று மல்டிமீட்டரோடு வந்திருக்கிறேன்.
சும்மா இருக்கும்போது செட்டின் முதுகில்
பதிமூன்று புள்ளி எட்டு.
ஏ.எம்.மில் போட்டு, மைக்கை ரப்பர் பேண்டால் இறுக்கினால்
பதினொன்று.
அதே நேரம் பேட்டரியின் தலையில் பதிமூன்றரை.
இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் ஒயர்.
அதற்குள் எங்கோ
இரண்டரை வோல்ட்டைத் தொலைத்திருக்கிறேன்.

சிவப்பைத் தடவிக்கொண்டே போனேன்.
ஃபியூஸ் நல்ல ஃபியூஸ். கிளிப்பும் மினுங்கியது.
கறுப்பைத் தடவிக்கொண்டே போனால்
அது சீட்டுக்கடியில் நுழைந்து, பின்பக்கம் இறங்கி,
பம்பருக்குப் பின்னால் ஒரு போல்ட்டில் முடிகிறது.
ஆன்டெனாவின் செம்புப் பின்னலும் அங்கேதான்.
இரண்டையும் ஒரே போல்ட்டில் முடுக்கிய
புத்திசாலி நான்.

மல்லாக்கப் படுத்தேன். முதுகெல்லாம் நறநற.
உப்பு லாரி ஒன்று பிரேக் போட்டது.
"டீசல் ஒழுகுதா?"
"இல்லண்ணே. குரல்."
அவர் அதற்கும் தலையாட்டிவிட்டுப் போனார்.

பின்னல் பச்சையாக இருந்தது.
தொட்டேன். அப்பளம்.

ஈர உப்பு மண் அலையைத் தூக்கிக் கொடுக்கும் என்று
மூன்று வருடமாக, ஞாயிறு தவறாமல்,
பூசை முடிந்த கையோடு இங்கேதான் வந்து நிறுத்துகிறேன்.
தூக்கித்தான் கொடுத்தது.
கூலியைக் கேட்காமலே எடுத்துக்கொண்டது.

மாற்றுப் பின்னல் இல்லை. உப்புத்தாள் இருந்தது,
அந்தப் பெயருக்குச் சிரிக்க நேரமில்லை.
இரும்பு வெளிச்சம் தெரியும்வரை தேய்த்தேன்.
ஜம்பர் கேபிளில் கறுப்பைச் செட்டுக்கும்
சிவப்பை ஆன்டெனாவின் காலுக்கும் கடிக்கவிட்டேன்.
நிறம் பார்க்கிற நிலையில் இல்லை.

மைக்கை அழுத்தினேன். அழைத்தேன்.
பூட்டுகள் அசையவில்லை.
பதிமூன்று புள்ளி நாலு.
"ஆ! இப்ப முழுசா விளங்குது.
சொல்லுங்கோ, சொல்லுங்கோ."

இத்தனை மாதம் பாதிப் பாதியாகக் கொட்டியதில்
எது போனது, எது அவரிடம் சேர்ந்தது,
எனக்கு எப்படித் தெரியும்?
சைடுபேண்டில் வாயைத் திறக்காவிட்டால்
ஒரு வாட்டும் வெளியே போகாது.
முள் படுத்தே கிடந்தது.
பாத்தியில் யாரோ உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.
அவர் காத்திருந்தார்.

"பேட்டரி மாத்தினேன்" என்றேன்.
"ஐயாயிரத்து எண்ணூறு."

"இஞ்ச அது நாலு மடங்கு வரும், பிள்ளை. ஓவர்."